சம்பளத்துக்குள் பொழுதுபோக்கு, வீட்டு வேலை, குடும்பச் சுற்றுலா: மூன்றையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேள்வியோடு நீங்கள் சேர்த்திருந்த விளக்கத்தையும் படித்தேன். இருவர் சம்பளம், வீட்டுக் கடன், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மழை வந்தால் ஒழுகும் மாடி, வருடத்துக்கு ஒரு தடவையாவது குடும்பத்தோடு வெளியூர் போகும் ஆசை. "கேமராவை விற்றுவிடலாமா என்று பார்க்கிறேன்" என்று முடித்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் பதில் போட்டவர்களில் பாதிப் பேர் "காசு இடித்தால் முதலில் வெட்ட வேண்டியது பொழுதுபோக்குதான்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். இதை என்னிடம் சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. ஏனென்றால் நான் தஞ்சாவூர் ஓவியம் போடுகிறவள். பலகையில் சாமி படம் வரைந்து, கல் பதித்து, தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தாள், ஒட்டும் வேலை. சொல்லும்போதே ஆடம்பரமாகத் தெரியும்.

நாங்கள் மதுரைக்குச் சற்று வெளியே இருக்கிறோம். நான் ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன், வீட்டுக்காரருக்கும் தனியார் வேலை. இரண்டு பிள்ளைகள், கூட அத்தை. உங்கள் வீடும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அவசரத்துக்குப் பணம், மருத்துவக் காப்பீடு எல்லாம் எடுத்து வைத்த பிறகு மிஞ்சுவதைப் பற்றித்தான் சொல்கிறேன், "முதலில் காப்பீடு எடுத்தாயா" என்று யாரும் கீழே வந்து கேட்க வேண்டாம். எடுத்திருக்கிறோம்.

நாங்கள் செய்வது ஒன்றே ஒன்றுதான். மூன்றையும் ஒரே மாதத்தில் ஓடவிடுவதில்லை. சம்பளத்தை விழுக்காடு போட்டுப் பிரிக்கச் சொல்லும் பதில்கள் மேலே நிறைய இருக்கின்றன. பெரிய சம்பளத்துக்கு அது சரி. மிஞ்சுவதே இரண்டாயிரம் மூவாயிரம் என்றால் அதை மூன்று பங்காக்கி என்ன செய்வது? மாடியில் கால்வாசிக்குப் பூச்சு, கையில் பாதி டிக்கெட், பலகையில் கல் பதிக்காத கிருஷ்ணன். எதுவும் முடியாது. முடியாத வேலைதான் வீட்டில் அதிகம் காசு தின்னும், மனசையும் தின்னும்.

அதனால் நாங்கள் வருடத்தைப் பிரித்தோம். பிரிப்பதற்கு ஆங்கில மாதம் உதவவில்லை, தமிழ் மாதம்தான் உதவியது. இது ஜோசியமோ சம்பிரதாயமோ இல்லை. காரணம் மொய்.

சிரிக்காதீர்கள். எங்கள் மாதிரி வீடுகளில் பட்ஜெட்டை உடைப்பது ஓட்டல் சாப்பாடோ செல்போனோ கிடையாது. வைகாசியிலும் ஆவணியிலும் வரிசையாக வந்து விழும் பத்திரிகைகள்தான். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை. நமக்குச் செய்தவர்களுக்கு நாம் செய்யாமல் இருக்க முடியாது, நோட்டில் எழுதியிருக்கிறது. வாங்கியதைவிட ஒரு நூறாவது கூட்டி வைக்க வேண்டும். எந்த விழுக்காட்டுக் கணக்கிலும் இதற்கு இடம் இல்லை. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மார்கழியிலும் கிடையாது. அந்த மாதங்களில் கையில் நிற்கும் பணம் மற்ற மாதங்களில் நிற்காது. பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து ஆட்கள் மட்டும் என் கணக்கைப் பின்பற்ற வேண்டாம், அங்கே மொய் விருந்தே ஆடியில்தான் வைப்பார்கள்.

சுற்றுலாப் பணத்தை வங்கியில் ஒரு வருட ஆர்.டி.யாக, அதாவது மாதா மாதம் கட்டும் சேமிப்பாகப் போடுகிறோம். ஆடியில் தொடங்கினால் அடுத்த ஆடியில் கைக்கு வரும். போவது காலாண்டுத் தேர்வு விடுமுறையில், அதாவது செப்டம்பர் கடைசியில். மே மாதத்தில் எங்கே போனாலும் அறை வாடகை ஏறிக் கிடக்கும். டிசம்பர் விடுமுறையில் மலை ஊர்களில் கால் வைக்க முடியாது, தென்காசி பக்கம் போனால் சபரிமலைக் கூட்டம். செப்டம்பர் கடைசியில் இரண்டும் இல்லை. ரயில் முன்பதிவு முன்பு 120 நாளுக்கு முன்னால் திறக்கும். 2024 நவம்பரிலிருந்து அதை 60 நாளாக்கிவிட்டார்கள். ஆகவே ஆடி நடுவில் டிக்கெட் போட்டால் போதும், ஆர்.டி. பணமும் அப்போதுதான் வருகிறது. சரஸ்வதி பூஜை சேர்ந்து வந்தால் முதல் நாளே போட்டுவிடுங்கள். இன்னொன்று, இரவு ரயிலில் 5 வயது முடிந்து 12 நிறையாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டாம் என்றால் அரைக் கட்டணம், வேண்டும் என்றால் முழுக் கட்டணம். எங்கள் சின்னவன் இன்னும் என் காலடியில் சுருண்டு படுத்துக்கொள்வான், அதனால் பிழைத்தோம்.

எங்கே போவது என்பதில் சண்டை வராமல் இருக்க ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். ஊரைச் சேர்ந்து முடிவு செய்வோம். அப்புறம் வழியில் ஆளுக்கு ஒரு இடம். அவரவர் இடத்தில் மற்றவர்கள் முகம் சுளிக்கக் கூடாது. கடைசியாகச் செங்கோட்டை வழியாகக் கொல்லம் போனோம். பிள்ளைகள் கேட்டது மலை ரயிலும் பதிமூன்று கண் பாலமும். செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடக்கும் பாதை அது. 1904இல் மீட்டர் கேஜில் போட்டது, 2010இல் ரயிலை நிறுத்தி அகலப் பாதையாக்கி 2018இல் மறுபடி திறந்தார்கள். பகலில் போகும் ரயிலைப் பிடியுங்கள், இருட்டில் போனால் குகைக்கும் மலைக்கும் வித்தியாசம் தெரியாது. ஜன்னல் ஓரத்துக்கு அடித்துக்கொண்டதைத் தவிர பிள்ளைகளுக்கு வேறு செலவே இல்லை.

வீட்டுக்காரர் கேட்டது அஷ்டமுடிக் காயல். படகு வீடெல்லாம் நமக்கு ஆகாது. கொல்லம் படகுத்துறையில் ஊர்க்காரர்கள் வேலைக்குப் போய்வரும் அரசுப் படகு ஓடுகிறது, பஸ் டிக்கெட் மாதிரிதான் காசு. அதே தண்ணீர், அதே தென்னை மரம். அத்தை கேட்டது ஆரியங்காவு ஐயப்பன் கோயில், திரும்பும்போது இறங்கிப் பார்த்தோம். நான் கேட்டது காயங்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிருஷ்ணபுரம் அரண்மனை. அங்கே ஒரு சுவர் முழுக்கக் கஜேந்திர மோட்சம் வரைந்திருக்கிறார்கள். கேரளத்தில் இருக்கும் பெரிய சுவரோவியங்களில் அதுவும் ஒன்று. காவி, மஞ்சள், பச்சை, இவ்வளவு குறைந்த வண்ணத்தில் கருடனின் இறகை எப்படி அடுக்கியிருக்கிறான் அந்த மனிதன்! சின்னவன் பத்து நிமிடத்தில் வெளியே ஓடிவிட்டான். பெரியவள் என்னோடு நின்று கஜேந்திரனின் கண்ணைத் தன் நோட்டில் போட்டுப் பார்த்தாள். என் பொழுதுபோக்குக்கு அன்றைக்கு ஆன செலவு, கொல்லத்திலிருந்து காயங்குளத்துக்குப் பாசஞ்சர் ரயில் காசும் நுழைவுச் சீட்டும்தான். உங்கள் கேமராவையும் இப்படித்தான் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறேன்.

முதல் நாளுக்குப் புளியோதரையும், மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவிய இட்லியும் கட்டிக்கொண்டு போனோம். இதைக் கஞ்சத்தனம் என்பவர்கள் தாராளமாகச் சொல்லலாம். மறுநாள் கொல்லத்தில் மீன் குழம்புச் சாப்பாடு வயிறாரச் சாப்பிட்டதும் அந்தக் காசில்தான்.

வீட்டு வேலைக்கு மாசி, பங்குனி, சித்திரை. தை பிறப்பதற்கு முன்னால் பெயிண்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு, ஊரே பொங்கலுக்கு வெள்ளையடிக்கும். மாசிக்குப் பிறகு அவரே போன் செய்து "வேலை இருக்காக்கா" என்று கேட்பார். வெயில் இருப்பதால் பூச்சும் நன்றாகக் காயும். வருடத்துக்கு ஒரு வேலைதான். அந்த வேலை முடியாமல் அடுத்த வேலைக்கு ஓர் ஆணிகூட வாங்குவதில்லை. கொத்தனார் வந்து, "அப்படியே படிக்கட்டுக்கும் ஒரு கை பூசிருவோமாக்கா" என்பார். வேண்டாம். அது அடுத்த வருட வேலை.

உங்கள் மாடி ஒழுகல் பற்றி. ஒழுகும் இடத்துக்கு மேலேயே விரிசல் இருக்கும் என்று நினைக்காதீர்கள், தண்ணீர் எங்கேயோ இறங்கி எங்கேயோ சொட்டும். முதலில் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையையும், மழைநீர்க் குழாயின் வாயையும் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்த மூலைதான். வீட்டுக்காரர் கம்பி பிரஷ் வைத்துச் சுரண்டி, விரிசலைக் கொஞ்சம் அகலமாக்கித் தூசி போகக் கழுவி, ரசாயனம் கலந்த சிமெண்டால் அடைத்தார். தளம் முழுவதற்கும் சேர்த்துக் கேட்டபோது ஒருவர் சொன்ன தொகையில் நாங்கள் அந்தமான் போய் வரலாம்.

அது முடிந்ததும் அக்னி நட்சத்திரத்துக்கு முன்னால் மாடித் தளத்துக்குச் சுண்ணாம்பு அடிப்போம். கல் சுண்ணாம்பை முதல் நாளே தண்ணீரில் போட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், கொதிக்கும். பிளாஸ்டிக் வாளியில் போட்டால் வாளி இளகிவிடும், இரும்புத் தொட்டி வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கவே கூடாது, கண்ணில் தெறித்தால் ஆபத்து. மறுநாள் வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் இரண்டு கை அடிக்கலாம். மாடி அறையில் மின்விசிறி நெருப்பைக் கொட்டுவது குறையும். சுண்ணாம்பு ஒரு மழைக்காலம்தான் தாங்கும். இதற்கென்றே விற்கும் வெள்ளைப் பெயிண்ட் சில வருடம் தாங்கும், ஆனால் விலை பல மடங்கு. வருடா வருடம் அடிக்கத் தெம்பிருக்கும் வரை சுண்ணாம்பு போதும் என்பது எங்கள் கட்சி.

இனி என் ஓவியம். ஆவணி வெயிலில் பலகை தயாராகிவிடும். பிளைவுட்டில் துணி ஒட்டி, சுண்ணப் பொடி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலை. கல் பதித்து மக்கு வேலையை, அதாவது சுண்ணப் பொடியும் பசையும் குழைத்து நகை, தூண் போன்றவற்றை மேடாக்கும் வேலையை, மழை பிடிப்பதற்குள் முடிக்க வேண்டும். ஈரக் காற்றில் மக்கு காயாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே போகவும் முடியாது, வீட்டில் கொத்து வேலையும் செய்ய முடியாது. அப்போது ரேக்கு ஒட்டி வண்ணம் கொடுப்பேன். மாதம் 500 ரூபாய் எனக்கென்று தனியாக எடுத்து வைக்கிறேன், வருடத்துக்கு ஒரு படம். 2025 ஏப்ரலில் தங்கம் சவரன் 70,000 ரூபாயைத் தாண்டியது, அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போனது. ரேக்கு விலை சும்மா இருக்குமா? நான் படத்தை மாற்றினேன். மண்டபம், தோரணம், தூண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தனியாக ஒரு தவழும் கிருஷ்ணன், நகைக்கு மட்டும் தங்கம். போலி ரேக்கு மலிவாகக் கிடைக்கிறது, கொஞ்ச நாளில் கறுத்துப்போகும். கல்லில் சமாதானம் செய்துகொள்வேன், ரேக்கில் மாட்டேன்.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். படம் முடிந்து சுவரில் மாட்டியதும் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பது, "சும்மா இருக்கும்போது போடறதுதானே, எங்க வீட்டுப் பால்காய்ப்புக்கு ஒண்ணு போட்டுக் குடேன்" என்பதுதான். சும்மா இருக்கும்போதாம்! எட்டு மணி நேரம் ஆபீஸ், அதற்கு முன்னும் பின்னும் அடுப்படி. இரவு பத்து மணிக்குமேல் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வளையலுக்குக் கல் பதிப்பதற்குப் பெயர் சும்மா இருப்பது. ஒருவர் சாமான் காசு தருகிறேன் என்று சொல்லிப் படத்தை வாங்கிப் போனார். அதற்குப் பிறகு எத்தனையோ விசேஷங்களில் பார்த்துவிட்டேன், சாப்பிட்டுப் போகச் சொல்கிறாரே தவிர காசுப் பேச்சே இல்லை. அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் மொய் வேறு எழுதினேன். வீட்டுக்காரர் கிரிக்கெட் பார்க்கிற நேரத்தை யாரும் இப்படிக் கேட்டு வாங்குவதில்லை. இதை அவரே படித்துவிட்டுச் சிரித்தார், அதனால் வீட்டில் சண்டை வரும் என்று கவலைப்பட வேண்டாம்.

"வருடத்துக்கு ஒரு படம், ஒரு ஊர், ஒரு வேலை, இதெல்லாம் ஒரு வாழ்க்கையா?" என்று யாராவது எழுதுவீர்கள். எங்களுக்கு இது போதுமானதாக இருக்கிறது. சம்பளம் கூடினால் ஊரை இரண்டாக்குவோம்.

நீங்கள் கேமராவை விற்க வேண்டாம். இப்போது விற்றால் பாதி விலைகூடத் தேறாது, அந்தக் காசு மாடி மூலைக்கே காணாது. புது லென்ஸ் ஆசையை மட்டும் மாடி வேலை முடியும் வரை தள்ளிப் போடுங்கள். பங்குனியில் மூலையை அடையுங்கள், ஆடியில் டிக்கெட் போடுங்கள். எந்த ஊர் என்று முடிவாகவில்லை என்றால் செங்கோட்டைப் பாதையில் ஒரு முறை போய்ப் பாருங்கள், படம் எடுக்கிறவருக்கு அங்கே வேலை நிறைய. மக்குக் கலவையின் அளவு கேட்டுச் சிலர் தனிச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள், அதைத் தனிப் பதிலாக எழுதுகிறேன். படம் வேண்டும் என்பவர்கள் முன்பணத்தோடு வரவும்.