தொட்டியும் மீனும் ஒரே நாளில் வேண்டாம்

கேள்வி: மகள் ஆசைப்படுகிறாள் என்று வீட்டில் முதல் முறையாக நன்னீர் மீன் தொட்டி வைக்கப் போகிறோம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கடையில் எழுதித் தந்த பட்டியலில் ஃபில்டர், ஏர் பம்ப், ஹீட்டர், விளக்கு, யுவி விளக்கு, மூன்று வகை மருந்து, உப்பு, பொம்மைகள் என்று 14 பொருட்கள் இருக்கின்றன. மொத்தமாக வாங்கினால் மீனையும் அன்றே தருவதாகச் சொல்கிறார்கள். இதில் எவையெல்லாம் கட்டாயம் வேண்டும்?

பதில்: பாதிப் பட்டியலை அடித்துவிடலாம். முதலில் அடிக்க வேண்டியது, மீனை அன்றே தருகிறோம் என்ற பேச்சை.

மீனின் கழிவும் அது தின்னாமல் விட்ட தீனியும் தண்ணீரில் அம்மோனியாவாக மாறும். அது மீனின் செவுளைப் புண்ணாக்கும் விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான், ரத்தத்தை ஆக்சிஜன் சுமக்க விடாது. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் அதிகம் சேராதவரை பயமில்லை, வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றினால் போதும். இந்த இரண்டு வகையும் புதுத் தொட்டியில் இருக்காது. வளர்ந்து நிலைக்க 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் மீனை விட்டால் அது தன் கழிவிலேயே மூச்சு முட்டிச் சாகும்.

இது விற்பவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் சொல்வதில்லை. நாலாம் நாள் மீன் செத்து மிதந்ததும் நீங்கள் திரும்ப அவர்களிடமே போவீர்கள். "நோய் வந்திருக்கும்" என்று ஒரு நீல பாட்டிலும் இன்னும் நாலு மீனும் கையில் தருவார்கள். வந்தது நோயே இல்லை. உங்கள் பட்டியலில் உள்ள மூன்று மருந்துகளும் வேண்டாம், உப்பும் வேண்டாம். நோய் இன்னதென்று தெரியாமல் ஊற்றும் மருந்து அந்த நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்றுவிடலாம்.

ஆக, காசு போட வேண்டிய முதல் பொருள் ஃபில்டர். அது அழுக்கை வடிக்க மட்டும் என்று நினைக்காதீர்கள். பாக்டீரியா குடியிருப்பது அதன் ஸ்பாஞ்சில்தான். உங்கள் தொட்டி சுமார் 54 லிட்டர் பிடிக்கும். மணிக்கு 220 முதல் 270 லிட்டர் வரை சுற்றும் ஃபில்டர் போதும். ஏர் பம்ப்பில் ஓடும் சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டரே முதல் தொட்டிக்கு நன்றாக வேலை செய்யும். அதை வாங்கினால் காற்றுக்கென்று தனியாக எதுவும் வேண்டாம். இரவு பகல் ஓடட்டும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்துக் கழுவாதீர்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் ஆறு வார உழைப்பை ஒரே நாளில் அழித்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசிப் பிழிந்தால் போதும்.

அப்புறம் குளோரின் நீக்கி. தண்ணீரை ஒரு நாள் பிடித்து வைத்தால் போதும் என்பார்கள். குளோரின் அப்படிப் போகும், சில ஊர்களில் கிருமியைக் கொல்லக் குழாய்த் தண்ணீரில் கலக்கும் குளோரமைன் போகாது. சிறிய பாட்டில் ஒன்று வாங்கிவிடுங்கள்.

உங்கள் பட்டியலில் இல்லாத இரண்டைச் சேர்க்க வேண்டும். ஒன்று, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் அளக்கும், சொட்டு விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட். இன்னொன்று, சரளைக்குள் தேங்கும் கழிவை உறிஞ்சி எடுக்கும் சைஃபன் குழாய். நூறு வகைப் பொம்மை வைத்திருக்கும் பல கடைகளில் டெஸ்ட் கிட் கேட்டால் விழிக்கிறார்கள். உயிரை விற்கும் தொழிலில் இப்படி ஒரு அலட்சியம்! விரல் நீளக் குட்டியாக விற்கும் கோல்ட்ஃபிஷ் 20 செ.மீ. தாண்டி வளரும் என்று தொட்டிமேல் ஒரு சீட்டு ஒட்டக்கூட ஆளில்லை. உங்கள் தொட்டிக்கு அது ஆகாது.

ஹீட்டர் வேண்டுமா என்பதைத் தெர்மாமீட்டர் சொல்லும். தண்ணீர் இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை என்றால் வேண்டாம்; இறங்கினால் 50 வாட். தண்ணீர் மாற்றும்போது அதை அணைத்துவிட வேண்டும். விளக்கு 6 மணி நேரம் எரிந்தால் போதும், அதற்கு மேல் பாசிதான் வளரும். யுவி தேவையில்லை. தண்ணீர், கண்ணாடி, சரளை எல்லாம் சேர்த்து எடை 70 கிலோவை நெருங்கும், அதைத் தாங்கும் மேசை பாருங்கள்.

"ஃபைட்டர் மீனுக்கு எதுவுமே வேண்டாம், டம்ளரில் வைத்தாலும் வாழும்" என்றும் சொல்வார்கள். இதில் உண்மை கொஞ்சம் கலந்திருப்பதால்தான் ஏமாறுகிறோம். செவுளோடு, மேலே வந்து நேரடியாகக் காற்றை இழுத்துக்கொள்ளும் தனி உறுப்பும் அதற்கு உண்டு. அதனால் ஏர் பம்ப் ஓடாவிட்டாலும் மூச்சுத் திணறாது. சரி, மூச்சு தீர்ந்தது. கழிவு எங்கே போகும்? அம்மோனியா அதன் செவுளையும்தான் அரிக்கும். டம்ளரில் இன்னும் சீக்கிரம் சேரும். அதற்கும் 20 லிட்டராவது வேண்டும், ஃபில்டர் வேண்டும். நீண்ட துடுப்பு இழுபடாமல் இருக்க ஓட்டம் மட்டும் மெதுவாக இருக்கட்டும். துள்ளி வெளியே விழும், அதனால் மூடி வேண்டும். தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே மூச்சிழுக்க இடமும் விடுங்கள்.

சாமான்கள் வந்ததும் தொட்டியை நிரப்பி, குளோரினை நீக்கி, ஃபில்டரை ஓட விடுங்கள். மீன் இல்லாமலே தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகி வரும் அம்மோனியாதான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. இரண்டு நாளுக்கு ஒரு முறை சொட்டு விட்டு நிறம் பார்க்கும் வேலையை மகளிடமே கொடுங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். தீனி போட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டும் 0 காட்டி, நைட்ரேட் தெரிய ஆரம்பித்த பிறகு பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, ஐந்து சிறிய மீன்கள் மட்டும் வாங்கி வாருங்கள். அடுத்த ஐந்து, இரண்டு வாரம் கழித்து.