எண்ட்ரி லெவல் வேலைக்கு இரண்டு வருட அனுபவமா?

அன்புள்ள அக்கா,

போன வருடம் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தேன். ‘எண்ட்ரி லெவல்’ என்று போடும் விளம்பரங்களில்கூட இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். அண்ணன் பார்த்துவிட்டு வந்த பைக்கையும் ஷோரூமில் எண்ட்ரி லெவல் என்றுதான் சொன்னார்களாம். இரண்டுக்கும் ஒரே அர்த்தமா? அனுபவம் கேட்கும் இடத்துக்கு நான் விண்ணப்பிக்கலாமா?

தேவி, திண்டுக்கல்

அன்புள்ள தேவி,

ஒரே அர்த்தம் இல்லை. பைக்கில் அது விலையைப் பற்றிய பேச்சு. டிவிஎஸ் ஸ்போர்ட், ஹீரோ எச்எஃப் டீலக்ஸ் போன்ற 100, 110 சிசி வண்டிகளில் டிஸ்க் பிரேக் போன்ற வசதிகளைக் கழித்து விலையைக் குறைக்கிறார்கள். அங்கேயும் கழிக்க முடியாதவை உண்டு. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரையிலான வண்டிகளில் சிபிஎஸ் (ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்திலும் பிடிக்கும் ஏற்பாடு) பிரேக்காவது இருந்தாக வேண்டும். (அண்ணனை ஆன்-ரோடு விலை கேட்கச் சொல்லுங்கள். ரோடு டாக்ஸ், பதிவு, ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு எல்லாம் சேர்ந்தால் கணக்கே வேறு.)

வேலையில் குறைவாக இருக்க வேண்டியது நம்மிடம் கேட்கும் தகுதி. படிப்பு போதும், மீதியை நாங்கள் கற்றுத் தருகிறோம் என்று நிறுவனம் ஏற்றுக்கொள்வதுதான் எண்ட்ரி லெவல். குரூப் 4 இளநிலை உதவியாளர் பணியைப் பாருங்கள்: பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, ஒரு எழுத்துத் தேர்வு. அனுபவம் கேட்பதில்லை, நேர்காணல்கூட இல்லை. நீங்கள் பார்த்த விளம்பரங்கள் பைக்கின் அர்த்தத்தை மனிதர்கள் மேல் போடுகின்றன. வேலை தெரிந்த ஆள் வேண்டும், சம்பளம் மட்டும் புதியவருக்குரியது. இது அநியாயம். கற்றுத்தரும் செலவை இருபது வயதுப் பிள்ளைகள் தலையில் கட்டுகிறார்கள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1961ஆம் வருடத்து அப்ரண்டிஸ் (வேலையிடத்திலேயே பயிற்சி பெறுகிறவர்) சட்டத்தின் கீழ், 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். 2019இல் விதி திருத்தியபோது டிப்ளமோக்காரர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 8,000 ரூபாயாக இருந்தது. வீட்டை விட்டு வெளியூரில் தங்குகிறவருக்கு அவ்வளவு தொகை போதாது என்பது என் எண்ணம். ஆனாலும் ஒரு வருடப் பயிற்சியும் அரசு அங்கீகரித்த சான்றிதழும் கிடைக்கும், அடுத்த இடத்தில் அனுபவம் கேட்டால் அதைக் காட்டலாம். நாட்ஸ் (மத்திய அரசின் அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டம்) இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். தென்மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது.

இரண்டு வருடம் கேட்கும் இடங்களுக்கும் தாராளமாக விண்ணப்பியுங்கள். விளம்பரத்தில் சொன்ன வேலையில் பாதிக்கு மேல் உங்களால் முடியும் என்றால் போதும். இன்பிளான்ட் டிரெய்னிங், ப்ராஜெக்டில் ஓட்டிய லேத், ஆட்டோகேட் எல்லாவற்றையும் ரெஸ்யூமேயில் விவரமாக எழுதுங்கள். போலி அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். பிஎஃப் கணக்கைப் பார்த்தாலே எங்கே, எப்போது வேலை செய்தீர்கள் என்பது தெரிந்துவிடும். நேர்காணலில் யார் பயிற்சி தருவார்கள், எத்தனை மாதம், பாண்டு (இத்தனை காலம் வேலையை விடமாட்டேன் என்ற ஒப்பந்தம்) உண்டா என்று நீங்களே கேளுங்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் அந்த இடம் வேண்டாம்.