சுவாமிமலையில செய்றதும் காப்பிதானேன்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, ஒருத்தர் செஞ்ச ரெசின் பொம்மைய வாங்கி சிலிக்கான் மோல்டு எடுத்து பத்து பீஸ் ஊத்திட்டீங்க, இப்ப கும்பகோணத்துல கொலு சீசனுக்கு விக்கலாமான்னு கேக்குறீங்க, கூடவே சுவாமிமலையில உலோகச் சிலை வார்க்கற ஸ்தபதிங்களும் ஒரே நடராஜரத்தானே செய்றாங்கன்னு ஒரு வாதம் வேற. அங்க பொதுவா இருக்கறது லட்சணமும், அதாவது உருவம் எப்படி இருக்கணும்ங்கற இலக்கணமும், முக நீளத்த வச்சு உடம்ப அளக்கற தாள அளவும்தான். ஒவ்வொரு தடவையும் மெழுகுல புதுசா கையால பண்ணி, மேல வண்டல் மண்ணு பூசி, மெழுக உருக்கி வெளிய விட்டு உலோகம் ஊத்துறாங்க, அந்த மண் அச்ச உடைச்சாத்தான் சிலையே வெளிய வரும், இன்னொன்னு வேணும்னா திரும்ப மெழுகுலேந்து. நீங்க எடுத்தது ரெசின் பொம்மை செஞ்சவரோட விரல் தடம் வரைக்கும் அப்படியே.

நானும் பண்ணிருக்கேன், கொலு செட்டு ஒண்ணுக்கு பிளாஸ்டர் அச்சு. அசல் செட்ட செஞ்ச பெரியவர் வீட்டுக்கு வந்தப்ப செட்டியார் பொம்மையோட காதுக்குப் பின்னாடி தடவிப் பாத்துட்டு "இது என் நகம்"னாரு, காபி கூட குடிக்கல. மானமே போச்சு.

1957 காப்பிரைட் சட்டத்துல சிற்பமும் வருது, செஞ்சவர் காலத்துக்கப்புறம் 60 வருஷம் வரைக்கும் உரிமை இருக்கு. அதனால விக்காதீங்க, அந்த ரெசின் பொம்மை செஞ்சவருக்கு ஒரு மெயில் போட்டு பீசுக்கு இவ்ளோ தர்றேன்னு கேளுங்க. ஊத்தின பத்துலயும் அடியில 'நகல்'னு செதுக்கிடுங்க, கை மாறிப் போனா ஒரிஜினல்னு எவனாவது தலையில கட்டிருவான்.