யூத முதியோருக்குத் தனி இல்லம் எதற்கு?

"முதுமை எல்லோருக்கும் ஒன்றுதானே, யூதர்களுக்கு மட்டும் ஏன் தனி முதியோர் இல்லம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

முதலில் சாப்பாடு. கோஷர் என்ற யூத உணவு விதிப்படி இறைச்சியும் பாலும் சேரக்கூடாது. பாத்திரம், கரண்டி எல்லாமே இரண்டுக்கும் தனித்தனி. பொது இல்லத்துச் சமையற்கட்டில் இது நடக்கிற காரியமில்லை. யூதர்களின் வாராந்திர ஓய்வுநாளில் மின்சாரப் பொத்தானை அழுத்துவதும் கூடாது என்பதால், மாடிக்கு மாடி தானாக நின்று போகும் லிஃப்டும் சில இடங்களில் உண்டு.

ஆனால் என்னைக் கேட்டால், பெரிய காரணம் நினைவு. நாஜி முகாம்களிலிருந்து உயிர் தப்பியவர்களுக்கு மறதிநோய் வந்தால், நேற்று நடந்தது அழிந்துபோய் அந்தப் பழைய பயம் மேலே வந்துவிடலாம். குளியலறை ஷவர், வரிசையில் நிற்கச் சொல்லும் குரல், சீருடை போட்ட ஆள், எது வேண்டுமானாலும் அவர்களை முகாமுக்கே இழுத்துப் போகலாம். சிலர் ரொட்டித் துண்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பார்கள். அதைப் பிடுங்கவே கூடாது. பசியில் கிடந்த கை அது. பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம் நழுவி, சிறுவயதில் பேசிய இத்திஷ் என்ற யூத மொழிக்கே திரும்பிவிடுபவர்களும் உண்டு. 1918இல் யூத முதியோர் இல்லமாகத் தொடங்கிய கனடாவின் டொராண்டோ நகரத்து பேக்ரெஸ்ட், முகாம்களிலிருந்து தப்பிய இந்த முதியோரைப் பராமரிப்பதற்கென்றே கையேடு தயாரித்தது.

தனி இல்லம் என்றால் அடைத்த கதவு என்று நினைக்க வேண்டாம். லண்டன் கிளாபமில் உள்ள நைட்டிங்கேல் ஹவுஸ் என்ற யூத முதியோர் இல்லத்தின் வளாகத்துக்குள்ளேயே 2017இல் ஒரு மழலையர் பள்ளி திறந்தார்கள். அங்கே குழந்தைகளும் தாத்தா பாட்டிகளும் சேர்ந்து பாடுகிறார்கள், சமைக்கிறார்கள்.