வெள்ளியில் இலையும் கல்லும்: கேள்வி பதில்

வெள்ளித் தகடு, கம்பி, கல் கொண்டு இலை, பூ, விதை வடிவ நகை செய்பவர்கள் கேட்டவை. வேறு உலோகம் என்று சொல்லாத இடத்தில் எல்லாம் 92.5 வெள்ளிக் கணக்கு, அதாவது நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி.

கோவை வாசகி: அக்கா, அரச இலை நரம்பை உருட்டு மெஷின்ல வெச்சு வெள்ளித் தகட்டுல பதிச்சேன். மங்கலா விழுது, சில இடத்துல ரெட்டையா தெரியுது.

இரட்டையாகத் தெரிந்தால் இரண்டு தடவை உருட்டியிருக்கிறீர்கள். ஒரே ஓட்டம்தான். மங்கலானால் இரண்டில் ஒன்று: தகடு இளகவில்லை, அல்லது இலை ஈரமாக இருந்தது.

0.8 மி.மீ. தகட்டை மங்கிய சிவப்பு வரும்வரை, ஏறக்குறைய 600 முதல் 650 டிகிரி செல்சியஸ், காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால்தான் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியும். கழுவி, துளி ஈரம் இல்லாமல் துடையுங்கள். ஈரத் தகடு உருளையைத் துருப்பிடிக்க வைக்கும், அந்தத் துருப்புள்ளி பிறகு எல்லா நகையிலும் விழும். பச்சை இலை நசுங்கிச் சாறு விடும். அரச இலையை மூன்று நான்கு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, சதை அழுகியதும் மெல்லிய பிரஷ்ஷால் தள்ளி, நரம்பு வலையைக் காயவைத்து எடுங்கள். வெள்ளி, அதன் மேல் நரம்பு, அதன் மேல் காய்ச்சாத பித்தளைத் தகடு. இந்த அடுக்கை உருளை பிடிக்கும் இடத்தில் நிறுத்தி, வெளியே எடுத்து, கைப்பிடியை இன்னும் கால் முதல் அரைச் சுற்று இறுக்கி ஒரே மூச்சில் ஓட்டுங்கள். நடுவில் நிறுத்தினால் குறுக்கே கோடு விழும்.

தகடு உருளும் திசையில் நீளும். இலை வடிவை உருட்டிய பிறகுதான் அறுக்க வேண்டும். இப்படிப் பதித்தால் நரம்பு பள்ளமாகவே வரும். மேடாக வேண்டுமென்றால், காய்ச்சிய பித்தளையில் முதலில் பதித்து, அந்தப் பித்தளையைக் கொண்டு வெள்ளியில் பதியுங்கள். இரண்டாம் தலைமுறை என்பதால் ஆழம் குறையும். வளைக்க மரச்சுத்தியல் போதும், இரும்பு பட்டால் நரம்பு மழுங்கிவிடும்.

மதுரை வாசகர்: கல்லைச் சுத்திப் பிடிக்கிற பட்டியை இலை மேல பத்தவைக்கும்போது இலையோட நுனி எல்லாம் உருண்டையாகிடுது.

92.5 வெள்ளி 802 டிகிரியில் உருகத் தொடங்கி 893-இல் முழுதாக உருகும். பற்றவைக்கும் பொடியில் (உருகி இணைக்கும் வெள்ளிக் கலவை) கடினப் பொடி 740-ஐ ஒட்டி உருகத் தொடங்கி, 780-ஐ ஒட்டி ஓடும். இடைவெளி அவ்வளவுதான். மெல்லிய நுனி நடுப்பகுதியைவிட முன்னால் சூடேறிவிடும். பொடி ஓடக் காத்திருக்கிற நேரத்தில் நுனி போய்விடும்.

வழி எளிது: பற்களையும் நுனியையும் கடைசியில் அறுங்கள். இலைக் கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. ஓரம் விட்டுத் தகட்டை வெட்டி, பட்டியைப் பற்றவைத்து முடித்தபின் வாளால் வடிவம் எடுங்கள். தகட்டைக் கம்பி வலை மேல் வைத்துக் கீழிருந்து சூடு காட்டுங்கள். பொடித் துண்டுகள் பட்டியின் உள்பக்கம், வெண்காரம் பூசி. ஊதுகுழலைப் பட்டிக்கு நேரே பிடிக்காதீர்கள். வரிசை, அதிகச் சூட்டில் ஓடுவது முதலில்: காம்புக் கம்பிக்குக் கடினப் பொடி, பட்டிக்கு நடுப் பொடி, மாட்டும் வளையத்துக்கு இளகு பொடி. கல் எல்லாவற்றுக்கும் பிறகு.

பொடி வாங்கும்போது காட்மியம் இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள். காட்மியம் 767 டிகிரியில் கொதிக்கும். ஊதுகுழல் அந்தச் சூட்டைத் தாண்டாமல் இருக்காது. அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஜன்னல் திறந்திருக்கிறது என்பது பாதுகாப்பு ஆகாது.

திருச்சி வாசகி: பட்டி எவ்வளவு நீளம் வெட்டணும்?

கல்லின் விட்டத்தோடு பட்டித் தகட்டின் கனத்தைக் கூட்டி 3.14-ஆல் பெருக்குங்கள். 10 மி.மீ. கல், 0.3 மி.மீ. பட்டி என்றால் 32.3 மி.மீ. முட்டை வடிவக் கல்லுக்குக் கணக்கு வேண்டாம், காகிதப் பட்டையைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள்.

சேலம் வாசகர்: சிம்ம ராசிக்கு இலை டிசைன்ல என்ன கல் வைக்கலாம்?

ஜோதிடரிடம் கேளுங்கள். கல்லின் கடினம், பிளவு, சூடு பற்றி மட்டும் இங்கே.

ஈரோடு வாசகி: காங்கேயத்துல வாங்குன சந்திரகாந்தக் கல், பட்டியை மடிக்கும்போது ரெண்டாப் பிளந்துடுச்சு. கல் மட்டமா?

கல்லின் குணம். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் அதன் கடினம் 6 முதல் 6.5 வரை, தேய்மானத்தைத் தாங்கும், அடியைத் தாங்காது. ஏறக்குறைய ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசையில் அது எளிதில் பிளக்கும். இலங்கையின் மீட்டியாகொடைச் சந்திரகாந்தக் கல்லும் இப்படித்தான்.

கல்லை எடுத்துப் பட்டிக்குள் பாருங்கள். அடி மூலையில் பொடி ஓடி வழிந்து மேடு கட்டியிருக்கும். கல் அந்த மேட்டில் உட்கார்ந்து, நடுவில் அந்தரத்தில் நிற்கும். மேலிருந்து அழுத்தினால் பிளக்காமல் என்ன செய்யும்? மேட்டைச் செதுக்குங்கள், அல்லது உள்ளே மெல்லிய தகட்டுத் துண்டு போட்டுக் கல்லைச் சமமாக நிறுத்துங்கள். பட்டிக்குச் சுத்த வெள்ளி, கனம் 0.3 மி.மீ.க்கு மேல் வேண்டாம், 92.5 விறைப்பாக நிற்கும். உயரம், கல் உள்நோக்கிச் சாயத் தொடங்கும் இடத்துக்கு மேல் அரை மி.மீ. மடிக்கும்போது வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று எதிரெதிராகத் தள்ளுங்கள். ஒரே பக்கம் தொடங்கிச் சுற்றி வந்தால் கடைசியில் மடிப்பு விழும், அதை அமுக்கப் போய்க் கல் போகும். முடிந்தபின் அல்ட்ராசோனிக் தொட்டியில் போடாதீர்கள். சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும்.

தஞ்சாவூர் வாசகர்: கோவைப் பொண்ணுக்குச் சொன்ன பதிலைப் பார்த்தேம்மா. இலையை மெஷின்ல கொடுத்து உருட்டி எடுக்கறது கைவேலையா? தகட்டை அரக்குல பதிச்சு, உளியால ஒவ்வொரு நரம்பா எழுப்பறதுதான் சித்திர வேலை. நாங்க பரம்பரையா அதைத்தான் செய்யறோம்.

ஐயா, இரண்டும் வேறு வேறு பொருள் தரும். உருட்டினால் பள்ளம் ஒரு மி.மீ.யில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் இறங்கும். தட்டி எழுப்பினால் பல மி.மீ. ஏற்றலாம். ஆனால் அரச இலையின் கடைசி நுண்வலையை எந்த உளியும் தராது.

சென்னை மாணவி: மாங்காய் மாலையோட மாங்காயையே அச்சுல அடிச்சு எடுக்கறாங்களே ஐயா, அது மட்டும் கைவேலையா?

தஞ்சாவூர் வாசகர்: அந்த அச்சை வெட்டினது யாரும்மா? கை. இலையை வெட்டினது மரம்.

சரியான அடி. நான் உருட்டும் பக்கம் நிற்பதற்குக் காரணம், தொடங்குபவருக்கு அது தகடு, சூடு, வரிசை மூன்றையும் சொல்லிக்கொடுக்கிறது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: உளிக்காரர் எந்த நரம்பை விடலாம் என்று முடிவு செய்கிறார், உருளை எல்லாவற்றையும் அள்ளிப் போடுகிறது. இலைக்குள் கல் வைக்கும்போது இது பெரிய வித்தியாசம். நரம்பு நிறைந்த தகட்டில் கல் தொலைந்துபோகும். உருட்டியதிலும் கல்லைச் சுற்றி 2 மி.மீ. தேய்த்து வழவழப்பாக்கினால்தான் கல் எழுந்து நிற்கும். ஐயா, தட்டும் அரக்குக் கலவையைச் சொல்லுங்கள், பலர் கேட்பார்கள்.

தஞ்சாவூர் வாசகர்: குங்கிலியம், செங்கல் தூள், கொஞ்சம் எண்ணெய். வெயில் காலத்துல செங்கல் தூளைக் கூட்டு, குளிர் காலத்துல எண்ணெயைக் கூட்டு. நகத்தால அழுத்தினா லேசா பதியணும், ஒட்டக் கூடாது.

குறித்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாண வாசகர்: அக்கா, இஞ்ச கடற்கரையில கணவாய் ஓடு நிறையக் கிடக்கு. அதில வெள்ளி வார்க்கலாமெண்டு சொல்லினம். எப்பிடி?

அருமையான வழி, அச்சு ஒரு முறைதான் தாங்கும். பெரிய ஓடாக எடுத்துக் குறுக்கே இரண்டாக அறுத்து, மென்பக்கங்களைத் தட்டையான உப்புத்தாளில் தேய்த்து இடைவெளி தெரியாமல் பொருத்துங்கள். விதை, சிறு சிப்பி போன்ற கடினமான மாதிரியை நடுவில் வைத்து இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். பாதி பாதியாகப் பதியும். மேலே புனல் வாய், பதிந்த குழியிலிருந்து மேல்நோக்கி நாலைந்து காற்றுக் கீறல். கீறல் இல்லாவிட்டால் காற்று சிக்கி வெள்ளி பாதியில் நின்றுவிடும். மெல்லிய பிரஷ்ஷால் தூளைத் தள்ளினால் ஓட்டின் அலைக்கோடுகள் துலங்கும். அவை அப்படியே வெள்ளியில் வரும். இந்த வேலையின் அழகே அதுதான்.

வெள்ளிக் கணக்கு: மாதிரியைத் தண்ணீரில் போட்டு எத்தனை மி.லி. ஏறுகிறது என்று பாருங்கள். ஒரு மி.லி.க்கு 10.4 கிராம், புனலுக்கு இன்னும் 8 முதல் 10 கிராம். மூசையில் (உருக்கும் கிண்ணம்) சிட்டிகை வெண்காரத்தோடு உருக்கி, மேற்பரப்பு கண்ணாடியாய் உருண்டு ஓடும்போது ஒரே வீச்சில் ஊற்றுங்கள். கடற்கரையில் பொறுக்கிய ஓடு பல நாள் நன்றாகக் காயவேண்டும். ஈரம் இருந்தால் நீராவி உருகிய வெள்ளியை முகத்தில் அடிக்கும். கண்ணாடி, தோல் ஏப்ரன், மூடிய செருப்பு. ஓடு கருகும் நாற்றம் வீடு முழுக்க நிற்கும், வெளியில் செய்யுங்கள்.

திருப்பூர் வாசகி: எலுமிச்சை உப்புத் தண்ணில போட்டதும் நகை செம்பு நிறமாயிடுச்சு!

இரும்புச் சாமணத்தால் எடுத்திருக்கிறீர்கள். அந்தத் தண்ணீரில் முந்தைய வேலைகளின் செம்பு கரைந்திருக்கும். இரும்பு பட்டதும் அந்தச் செம்பு நகை மேல் படியும். செம்பு, மரம் அல்லது பிளாஸ்டிக் இடுக்கி மட்டும். பற்றவைத்த கறையை நீக்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்), ஒரு லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம்.

வேலூர் வாசகர்: எனக்கும் செம்பு நிறம் வருது, ஆனா நான் படிகாரத் தண்ணி.

மேலே திருப்பூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். தண்ணீர் எதுவானாலும் இரும்பு இரும்புதான்.

நெல்லை வாசகி: கட்டுன கம்பியை எடுக்காமப் போட்டேன், செம்பாயிடுச்சு.

கம்பியும் இரும்பு.

புதுச்சேரி வாசகர்: நிஜ இலை மேலயே செம்பு முலாம் ஏத்தி நகை பண்ணலாமா?

பண்ணலாம். காய்ந்த இலையை லாக்கர் வார்னிஷால் இரண்டு மூன்று முறை பூசி மூடுங்கள். சிறு ஓட்டை இருந்தாலும் அமிலம் உள்ளே போய் மாதங்கள் கழித்துப் பச்சைக் கசிவு வரும். அதன் மேல் மின்சாரம் கடத்தும் கிராஃபைட் பூச்சு. முலாம் தொட்டிக் கரைசலில் லிட்டருக்குக் காப்பர் சல்பேட் 200 கிராம், கந்தக அமிலம் 50 கிராம். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றுங்கள், ஒருபோதும் தண்ணீரை அமிலத்தில் அல்ல. மின்னோட்டத்தைக் குறைவாக வைத்து ஓர் இரவு விடுங்கள். கூட்டினால் ஓரத்தில் கரடு கட்டும். முத்து, மலக்கைட் இரண்டையும் அந்தத் தொட்டியில் இறக்காதீர்கள், அமிலம் தின்றுவிடும். முடிந்த துண்டை ஊதுகுழலால் பற்றவைக்கக் கூடாது. உள்ளே இலை எரிந்து வாயு வெடிக்கும். வளையத்தை முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

சேலம் இன்னொருவர்: கன்னி ராசிக்கு?

இல்லை.

கடலூர் வாசகி: நரம்பு தெரியக் கருக்க வைக்கணும், கந்தகக் கலவை கிடைக்கல.

வேகவைத்த முட்டையை ஓட்டோடு நசுக்கி, ஜிப் பையில் நகையோடு போட்டு மூடுங்கள். முட்டை நகையில் படக் கூடாது, அதன் வாயு போதும். அரை மணிக்கு ஒருமுறை பாருங்கள். மஞ்சள், பழுப்பு, பிறகு கருப்பு. எடுத்துக் கழுவி, மேட்டை மட்டும் மெருகுத்துணியால் தேய்த்தால் பள்ளத்தில் கருப்பு நிற்கும். முத்து, டர்க்காய்ஸ் பதித்த நகையை இதற்குள் போட வேண்டாம்.