இலையில் விழட்டும் வெளிச்சம்

கேள்வி: நூறு வருடம் தாண்டிய எங்கள் முற்றம் வைத்த வீட்டை உயர்தர சைவ உணவகமாக மாற்றுகிறோம். கூடம் முழுக்க வெள்ளை பேனல் விளக்கு போட்டாயிற்று. தேக்குத் தூண் சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறது, சொதி வெளிறித் தெரிகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: பேனலைக் கழற்றிவிடுங்கள். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிற அளவு, எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். 6500 கெல்வின் வெளிச்சம் ஜவுளிக்கடைக்கு ஆகும், பந்திக்கு ஆகாது. 2700 கெல்வின் வாங்குங்கள். மஞ்சளாக இருந்தால் மட்டும் போதாது. நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைச் சொல்லும் சிஆர்ஐ 90-க்கு மேலும், ஆர்9 மதிப்பு 50-க்குக் குறையாமலும் இருக்க வேண்டும். ஆர்9 அடர்சிவப்பைக் காட்டும் திறன். அது குறைந்தால் வற்றல் மிளகாயும் தேக்கும் ஒரே பழுப்பாகிவிடும்.

ஒவ்வொரு மேசைக்கும் நேர் மேலே 5 வாட் ஸ்பாட் ஒன்று. மேசைக்கு 2 மீட்டர் உயரத்தில் 24 டிகிரி கோணத்தில் ஒளி விரியும் விளக்கு தரும் வட்டம் 85 செ.மீ.தான், நாலு இலை விழும் மேசைக்கு 36 டிகிரி எடுங்கள், 1.3 மீட்டர் கிடைக்கும். இலையில் விழும் வெளிச்சம் 100 முதல் 150 லக்ஸ் (வெளிச்ச அளவு) வரும்வரை, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் இறக்குங்கள். எதிர்ப்பக்கமிருந்து சாய்த்து அடித்தால், தண்ணீர் தெளித்த இலை கண்ணாடிபோல் பளிச்சிட்டுச் சாப்பிடுபவர் கண்ணில் குத்தும். முதுகுப்பக்கமிருந்து அடித்தாலோ அவர் நிழலே இலையில் விழும்.

தூணுக்கு அடியில், அதை ஒட்டி, 10 டிகிரி கற்றையுள்ள 3 வாட் விளக்கை மேல்நோக்கி வையுங்கள். தூணின் தலைப்பகுதியான போதிகையின் செதுக்கல் அப்போதுதான் எழும்பி நிற்கும். மற்ற இடம் கொஞ்சம் இருட்டாகவே இருக்கட்டும்.

வயருக்காகச் சுண்ணாம்புச் சுவரை மட்டும் வெட்டாதீர்கள். வெட்டிய தடத்தைச் சிமெண்டால் அடைத்தால் சுவரின் ஈரம் வெளியேற வழியின்றி ஓரத்தில் தேங்கும். உப்புப் பூத்து, பக்கத்துக் காரையையும் தள்ளிவிடும். உத்திரத்தின் பக்கவாட்டில், மரநிறம் பூசிய குழாயில் வயரைக் கொண்டுபோங்கள். பழைய ஆணித் துளைகள் இருந்தால் அவற்றையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: டிம்மரைக் குறைத்தால் எல்இடி துடிக்கிறதே?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: உங்கள் டிம்மர் குண்டு பல்புக் காலத்தது போலும். ஆறு எல்இடி சேர்ந்தாலும் 30 வாட்தான். அந்த வகை டிம்மர் நிலையாக ஓட அவ்வளவு சுமை பெரும்பாலும் போதாது. எல்இடிக்கு ஏற்ற ‘டிரெய்லிங் எட்ஜ்’ வகை டிம்மர் வாங்குங்கள், விளக்கிலும் ‘டிம்மபிள்’ என்று இருக்க வேண்டும். மாட்டியதும் மங்கலில் வைத்து செல்போன் கேமராவில் பாருங்கள். பட்டை பட்டையாக ஓடினால் துடிப்பு போகவில்லை.

கேள்வி: ஐப்பசி மழையில் முற்றத்து விளக்கை ஈசல் மொய்க்கிறது.
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: முற்றத்துக்கு 2200 கெல்வின், தூசியும் மழைநீரும் புகாத ஐபி65 தர விளக்கு. ஈசல் குறையும், அடியோடு நிற்காது. கொல்லைப்புறத்தில் வெள்ளை விளக்கு ஒன்றை எரியவிட்டு, முற்றத்து விளக்கைக் கொஞ்ச நேரம் அணைத்துவையுங்கள்.