தடுப்பூசி போடாததற்காகக் கிளெய்மை மறுக்க முடியுமா?

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “என் தந்தைக்கு வயது 68, சர்க்கரை நோய் உண்டு. ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளும்படி குடும்ப மருத்துவர் சொல்லியும் ‘இந்த வயதில் எனக்கு எதற்கு ஊசி’ என்று மறுத்துவிட்டார். கொரோனா தடுப்பூசியும் போட்டுக்கொள்ளவில்லை. அண்மையில் நிமோனியா வந்து, தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் ஆறு நாள் இருந்தார். ‘உங்களைப் போன்றவர்களால்தான் மற்றவர்களுக்குப் படுக்கை கிடைப்பதில்லை’ என்று அங்கேயே ஏச்சு வாங்கினோம். கேஷ்லெஸ், அதாவது நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் வசதி, கிடைக்காததால் 4.1 லட்சம் ரூபாயைக் கட்டிவிட்டுக் கிளெய்ம் அனுப்பினோம். இப்போது காப்பீட்டு நிறுவனம் ‘தடுப்பூசி விவரங்களை அனுப்பவும்’ என்று கடிதம் அனுப்பியிருக்கிறது. பாலிசி ஏழு ஆண்டுகளாகத் தொடர்கிறது. 2022-இல் காப்பீட்டுத் தொகையை 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்தினோம். மருத்துவமனையில் பழக்கமான ஒருவர், பழைய தேதியிட்ட தடுப்பூசிச் சான்று ஏற்பாடு செய்து தருவதாகவும், கிளெய்ம் தொகையில் 15 சதவீதம் கொடுத்தால் போதும் என்றும் சொல்லி, அசல் பில்களை வாங்கி வைத்திருக்கிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?”

காப்பீட்டு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞரின் பதில்:

முதலில் அந்த நபரிடமிருந்து பில்களைத் திரும்ப வாங்குங்கள். மற்றவற்றை அதன் பிறகு பேசலாம். உங்கள் கிளெய்முக்கு இன்றைய நிலையில் இருக்கும் ஒரே பெரிய ஆபத்து அவர்தான்; உங்கள் தந்தை போட்டுக்கொள்ளாத ஊசி அல்ல.

காரணம் இதுதான். மருத்துவக் காப்பீட்டு பாலிசியில் எதற்கெல்லாம் பணம் தரமாட்டோம் என்று ஒரு பகுதி இருக்கும். அந்த விலக்குகளின் வாசகங்களைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வரையறுத்து வைத்திருக்கிறது. குடிப்பழக்கத்துக்கான சிகிச்சை, அழகுக்காகச் செய்யும் அறுவை, ஆபத்தான சாகச விளையாட்டில் தொழில்முறையாக ஈடுபடும்போது ஏற்படும் காயம், குற்ற நோக்கத்தோடு சட்டத்தை மீறும்போது நேர்வது என்று அந்தப் பட்டியல் போகிறது. ‘மருத்துவர் பரிந்துரைத்த தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளாதவர்’ என்று அதில் எதுவும் இல்லை. பாலிசியில் எழுதப்படாத ஒன்றைக் காரணம் காட்டிக் கிளெய்மை மறுக்க முடியாது. சாகச விளையாட்டுக்கு விலக்கு இருக்கிறது என்றால் அது முன்கூட்டியே எழுதப்பட்டு, நீங்கள் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்டதால் இருக்கிறது. அது பொறுப்பற்ற செயல் என்று பின்னாளில் யாரோ கருதியதால் அல்ல.

அப்படியானால் ஏன் கேட்கிறார்கள்? பெரும்பாலும் டிஸ்சார்ஜ் சம்மரியில் தடுப்பூசி பற்றி ஒரு சொல் இருப்பதால். உங்கள் கையிலிருக்கும் சம்மரியை எடுத்து, ‘நோயாளியின் வரலாறு’ என்ற பத்தியைப் படித்துப் பாருங்கள். சேர்க்கும்போது அவசரத்தில் நீங்கள் சொன்னதைப் பயிற்சி மருத்துவர் ஒருவர் ‘அன்வாக்சினேட்டட்’ (தடுப்பூசி போடாதவர்) என்றோ ‘நான்-கம்ப்ளையன்ட்’ (மருத்துவர் சொன்னதைப் பின்பற்றாதவர்) என்றோ எழுதியிருப்பார். அதையே டிஸ்சார்ஜ் அன்று தட்டச்சு செய்திருப்பார்கள். அதைப் பார்த்த டி.பி.ஏ. (காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளெய்ம்களைக் கையாளும் இடைநிலை நிறுவனம்) ஊழியர் ஒரு கேள்வியைத் தட்டிவிட்டிருப்பார். அதே பத்தியில் ‘சர்க்கரை நோய், இத்தனை ஆண்டுகளாக’ என்று ஓர் எண்ணும் இருக்கும். உண்மையில் ஐந்து ஆண்டு என்றால் அங்கே பதினைந்து என்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். தடுப்பூசிக்காக மறுக்கப்பட்ட கிளெய்ம் எதையும் நான் பார்த்ததில்லை. அந்த எண் தவறாகப் பதிவானதால், ‘பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோயை மறைத்தீர்கள்’ என்று மறுக்கப்பட்ட கிளெய்ம்கள் என் மேசையில் எப்போதும் இருக்கின்றன. பிழை இருந்தால் மருத்துவமனையிடம் எழுத்துமூலம் திருத்தம் கேளுங்கள். கேஸ் ஷீட்டின், அதாவது சிகிச்சைப் பதிவின், நகலையும் கேளுங்கள். நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் சொல்கின்றன.

இன்னொன்றையும் அதே சம்மரியில் பாருங்கள். சளியையோ ரத்தத்தையோ கல்ச்சர் (கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனை) செய்திருந்தால் எந்தக் கிருமி என்று எழுதியிருப்பார்கள். பல நேரங்களில் ‘நோ குரோத்’, அதாவது எதுவும் வளரவில்லை என்றே இருக்கும். நிமோனியாவை உண்டாக்கும் கிருமிகள் பல. நிமோனியா தடுப்பூசி அவற்றில் நியுமோகாக்கஸ் என்ற ஒரு கிருமியின் சில வகைகளுக்கு எதிரானது. கிருமியே கண்டறியப்படாத நிலையில், ‘ஊசி போட்டிருந்தால் இது வந்தே இருக்காது’ என்று உறுதியாகச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. காப்பீட்டு நிறுவனத்தின் அலுவலரால் நிச்சயமாக முடியாது.

ஆகவே பதில் கடிதத்தில் உண்மையை ஒரே வரியில் எழுதுங்கள்: ‘மேற்படி தடுப்பூசிகள் போட்டுக்கொள்ளப்படவில்லை.’ விளக்கமோ மன்னிப்போ வேண்டாம். அடுத்த வரியில், ‘இந்த விவரம் பாலிசியின் எந்த நிபந்தனையின்படி கேட்கப்படுகிறது என்பதைத் தெரிவிக்கவும்’ என்று கேளுங்கள். கடிதத்தில் குறிப்பிட்ட கெடுவுக்குள் அனுப்பிவிடுங்கள். கோபத்தில் பதில் போடாமல் விட்டால், ‘ஆவணங்கள் வரவில்லை’ என்று கோப்பை மூடிவிடுவார்கள். 2024 மே மாத முதன்மைச் சுற்றறிக்கையில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ., ஒரு கிளெய்மை மறுப்பதென்றால் நிறுவனத்தின் கிளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்றும், எந்த நிபந்தனையின்படி மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. தேவையான ஆவணங்களை மருத்துவமனையிடமிருந்து நிறுவனமே பெற்றுக்கொள்ள வேண்டும் என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. சுற்றறிக்கை அருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நோயாளியின் மகன்தான் இன்றும் ஜெராக்ஸ் கடைக்கும் இன்சூரன்ஸ் டெஸ்க்குக்கும் நடையாய் நடக்கிறார்.

இனி அந்த ‘உதவியாளர்’. பெரிய மருத்துவமனைகள் பலவற்றின் வாசலில் இப்போது இவர்களைப் பார்க்கலாம். கிளெய்ம் கன்சல்டன்ட் என்று விசிட்டிங் கார்டு வைத்திருப்பார்கள். 2021 மே மாதத்தில் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு வெளியே நோயாளிகளோடு ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற நாள்களில், படுக்கை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் பார்த்தவர்களின் அடுத்த தலைமுறை இது. இவர் தரும் சான்றால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை. கேட்கவே உரிமையில்லாத கேள்விக்கு அது பொய்யான பதில், அவ்வளவுதான். கேடோ பெரியது. கிளெய்மில் மோசடி இருந்தால் பாலிசியின் பலன்கள் அனைத்தும், கட்டிய பிரீமியம் உட்படப் பறிபோகும் என்று உங்கள் பாலிசியிலேயே எழுதியிருக்கும். கொரோனா சான்று என்றால் க்யூ.ஆர். குறியீட்டை வைத்துச் சில நொடிகளில் சரிபார்த்துவிடுவார்கள். ஃப்ளூ ஊசிச் சான்று என்றால் கிளினிக்கின் பதிவேட்டையும் ஊசிக் குப்பியின் பேட்ச் எண்ணையும் கேட்பார்கள். நேர்மையான 4.1 லட்சம் ரூபாய் கிளெய்மை நீங்களே மோசடிக் கிளெய்மாக மாற்றிக்கொடுத்தது போலாகும். பொய் ஆவணம் தயாரித்ததற்கும் பயன்படுத்தியதற்கும் குற்ற வழக்கு வந்தால், அந்தக் கன்சல்டன்டின் கைப்பேசி எண் அன்றைக்கு உபயோகத்தில் இருக்காது; கையெழுத்திட்டவர் என்று உங்கள் தந்தையின் பெயர்தான் காகிதத்தில் இருக்கும்.

தடுப்பூசி விவரம் உங்களுக்கு எதிராகத் திரும்பக்கூடிய ஓர் இடம் உண்டு. உங்கள் விஷயத்தில் அது இருக்க வாய்ப்பிருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பாலிசி தொடர்ச்சியாக 60 மாதங்கள் நடப்பில் இருந்துவிட்டால், நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர, ‘முன்பு உண்மையை மறைத்தீர்கள், தவறாகச் சொன்னீர்கள்’ என்று நிறுவனம் கிளம்ப முடியாது. முன்பு எட்டு ஆண்டாக இருந்த இந்தக் காலத்தை 2024-இல் ஐந்து ஆண்டாகக் குறைத்தார்கள். ஏழு ஆண்டுகளாகத் தொடரும் உங்கள் பாலிசிக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு; ஆனால் முதல் 3 லட்சத்துக்கு மட்டுமே. 2022-இல் கூட்டிய 2 லட்சத்துக்கு 60 மாதக் கணக்கு அந்த உயர்வு நாளிலிருந்து தனியாக ஓடும். உங்கள் பில் 4.1 லட்சம் என்பதால், மேலே உள்ள 1.1 லட்சம் அந்தக் கூடுதல் பகுதியில் விழுகிறது. இப்போது 2022-ஐ நினைத்துப் பாருங்கள். கொரோனா முற்றிலும் ஓயாத காலம். அப்போது சில நிறுவனங்கள் விண்ணப்பப் படிவத்தில் ‘கொரோனா வந்ததா, தடுப்பூசி போட்டீர்களா’ என்று கேட்டன. தொகையை உயர்த்தும்போது அப்படி ஒரு படிவத்தில் உங்கள் தந்தை கையெழுத்திட்டாரா? படிவத்தை நிரப்பியது யார்? பெரும்பாலும் ஏஜென்ட்தான் நிரப்புவார். நாம் பென்சிலால் குறியிட்ட இடத்தில் கையெழுத்துப் போடுவோம். கேள்வி எதுவாக இருந்தாலும் சிக்கலில்லாத பதிலை டிக் செய்து அனுப்புவது சில ஏஜென்ட்களின் பழக்கம். ‘தடுப்பூசி போட்டாயிற்று’ என்று அங்கே டிக் இருந்து, இப்போது ‘போடவில்லை’ என்று நீங்கள் எழுதினால், அந்த முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டு 1.1 லட்சத்தை மட்டுமாவது மறுக்கப் பார்ப்பார்கள். அப்போதும் வாதம் உண்டு: கொரோனா தடுப்பூசி பற்றிய பதில், கொரோனா அல்லாத நிமோனியாவுக்கான கிளெய்மை எப்படிப் பாதிக்கிறது என்று நிறுவனம்தான் காட்ட வேண்டும். ஆனால் அந்த வாதத்தைத் தெரியாமல் போய்ச் சந்திப்பதைவிடத் தெரிந்துகொண்டு சந்திப்பது நல்லது. எனவே பதில் அனுப்பும் முன் பாலிசி ஆவணத்தோடு இணைந்திருக்க வேண்டிய விண்ணப்ப நகலைத் தேடுங்கள். இல்லையென்றால் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டு வாங்குங்கள். அந்த நகல் வரும்வரை ஏஜென்டிடம் எதையும் விவாதிக்க வேண்டாம்.

படுக்கை பற்றிய ஏச்சுக்கும் சட்டத்தில் பதில் உண்டு. உயிரைக் காப்பது அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் சொன்னது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை, படுக்கையும் வசதியும் இல்லை என்று கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகத் திருப்பியனுப்பிய வழக்கில், 1996-இல் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி, நிதி இல்லை என்பதை அரசு காரணமாகக் காட்ட முடியாது என்றது. யாரையும் தடுப்பூசி போடும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியெல் வழக்கில் தீர்ப்பளித்தது. பொது நலனுக்காக நியாயமான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. அரசுகள் அப்படிச் செய்து பார்த்ததும் உண்டு. சிங்கப்பூர், தகுதியிருந்தும் தானாக விரும்பிக் கொரோனா தடுப்பூசியைத் தவிர்த்தவர்கள் 2021 டிசம்பர் 8 முதல் தங்கள் கொரோனா சிகிச்சைச் செலவைத் தாங்களே ஏற்க வேண்டும் என்றது. போட்டுக்கொள்ள முடியாத உடல்நிலை உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில், போட்டுக்கொள்ளாதவர்களுக்கு இலவசக் கொரோனா சிகிச்சை இல்லை என்று கேரள முதல்வர் அறிவித்தார். இவை சரியா தவறா என்று வாதிடலாம். ஆனால் அவை நாள் குறித்து, விதிவிலக்கு சொல்லி, அரசு வெளிப்படையாக எடுத்த முடிவுகள். பில்லிங் கவுன்டரில் இருப்பவரோ டி.பி.ஏ. ஊழியரோ தம் மனத்துக்குள் அப்படி ஒரு விதியைப் போட்டுக்கொள்ள முடியாது.

உங்கள் தந்தை செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை நோயுள்ள முதியவருக்கு மருத்துவர் பரிந்துரைத்த ஊசியை மறுத்ததில் அவருடைய பங்கு இருக்கிறது, ஐ.சி.யூ. படுக்கை எல்லையில்லாமல் கிடைக்கும் பொருளும் அல்ல. ஆனால் பொறுப்பைப் பற்றிப் பேச வருபவர்கள் முழுக் கணக்கையும் பேச வேண்டும். குழந்தைகளுக்கு நியுமோகாக்கல் தடுப்பூசியை அரசு 2021 முதல் நாடு முழுவதும் இலவசமாகப் போடுகிறது. முதியவர்களுக்கு அப்படி ஒரு தேசியத் திட்டம் இல்லை. சில ஆயிரம் ரூபாய் கொடுத்துத் தனியாரிடம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். மருத்துவமனையில் சேராமல் போட்டுக்கொள்ளும் அந்த ஊசிக்குப் பெரும்பாலான பாலிசிகள் ஒரு ரூபாயும் தருவதில்லை. ஊசிக்குப் பணம் தராத நிறுவனம், ஊசி ஏன் போடவில்லை என்று கடிதம் எழுதுவதை நான் பொறுமையோடு படித்துப் பழகிவிட்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் மறுத்தால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஆம்புட்ஸ்மேனிடம், ஓராண்டுக்குள் புகார் செய்யுங்கள். 50 லட்சம் ரூபாய் வரையிலான கிளெய்ம்களை அவர் விசாரிக்கலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் வேண்டாம், கன்சல்டன்டும் வேண்டாம். அங்கே நீங்களோ உங்கள் தந்தையோ நேரில் பேசுவதே போதும் என்பதை, தொழிலுக்குச் சற்றே துரோகம் செய்து ஒரு வழக்கறிஞனாகவே சொல்கிறேன்.

இனியாவது ஊசி போட்டுக்கொள்ளலாமா என்பதை நுரையீரல் மருத்துவரிடம் கேளுங்கள்; எப்போது போடலாம் என்பதை அவர் முடிவு செய்வார். போட்டுக்கொண்டால், உண்மையான தேதியோடும் பேட்ச் எண்ணோடும் பில்லை வாங்கி பாலிசிக் கோப்பில் வையுங்கள். அசல் பில்களைத் திரும்ப வாங்கும்போது, அந்த நபரிடம் கையெழுத்திட்ட வெற்றுப் படிவமோ ரத்து செய்த காசோலையோ கொடுத்திருக்கிறீர்களா என்று உங்கள் தந்தையிடம் தனியாக ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.